வாயைப் பொத்திய கை

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். எம்.சி.ஏ. முடித்துவிட்டு மதுரையிலேயே ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். முதலாளியையும் சேர்த்து ஆறு பேர், ஒரு மாடி அறை, மழை பெய்தால் கம்ப்யூட்டரை நகர்த்தி வைக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூர், சென்னை என்று போய்விட்டார்கள். என்னை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் மனமில்லை.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாயாடி. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் பேசுவது மதுரைத் தமிழ், ஆபீசில் அரைகுறை இங்கிலீஷ். மூன்றிலும் மூச்சு விடாமல் பேசுவேன். கோபமும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஊரில் அப்போது தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். வெளியூரில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேச ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் இருந்த புரோகிராம்கள் எல்லாம் திக்கித் திணறின. நாமே ஒன்று எழுதிக் கடைகளுக்கு விற்கலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. ஒரு கட்டுக் காகிதத்தை அச்சடித்து என் மேஜையில் போட்டார். ஆர்.டி.பி. என்று ஒரு விதிமுறை. பேச்சையும் படத்தையும் அந்தந்த நொடியிலேயே வலையில் அனுப்பி வைக்கும் முறை. படி, எழுது, ஆறு மாதம் நேரம் என்றார்.

படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேச்சையும் படத்தையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் நேரமும் குறித்து அனுப்ப வேண்டும். சரி. வழியில் ஒரு துண்டு தொலைந்தால்? தொலைந்ததுதான். திரும்பக் கேட்கக் கூடாது. தாமதமாக வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதற்கு நேர் எதிர். ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்றுதான் மூன்று வருடம் படித்திருந்தேன். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது. சாம்பார் வாளி நம்மைத் தாண்டிப் போய்விட்டால் அதற்காகப் பந்தியையே யாரும் நிறுத்தி வைப்பதில்லை. மோர் ஊற்றும் நேரத்தில் சாம்பார் வந்து என்ன பயன்?

அந்தக் காகிதக் கட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. சத்தமும் படமும் தனித்தனியாகத்தான் போக வேண்டும், ஏதாவது ஒன்று மட்டும் போதும் என்பவர்கள் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. காசு கொடுத்து உட்கார்ந்துவிட்டு ஒன்று மட்டும் போதும் என்று எவராவது சொல்வார்களா? அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் புரோகிராமில் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். சத்தத்துக்குத்தான் முதல் மரியாதை. சத்தம் போன பிறகு இணைப்பில் மிச்சமிருக்கும் இடத்தில் படம். அந்தப் படமும் பெரிதாக, பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அதற்கு விலையாக நொடிக்கு இரண்டு மூன்று படம்தான் மாறும். அதனால் என்ன, முகத்தில் இருக்கும் மச்சம்கூடத் தெரிகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எழுதி முடித்ததைச் சோதித்துப் பார்க்கப் பழங்காநத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் கிடைத்தது. அதை நடத்தியவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடைக்கு அடுத்த கடை ஒரு தையல் கடை. அங்கே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், இருபத்து மூன்று, இருபத்து நான்கு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டில், அதில் பத்து மாதப் பெண் குழந்தை. புருஷனுக்கும் காது கேட்காது. சூரத்தில் வைரம் பட்டை தீட்டும் ஒரு பட்டறையில் வேலை. தீபாவளிக்கு முன்னால் லீவு கிடைக்காது.

ஒரு நாள் அண்ணன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இது வீட்டுக்காரர் சூரத்துல இருக்காப்ல. ஒரு தடவ மூஞ்சியப் பாக்கணுங்குது. ஒன் மிஷின்ல காட்டி விடேன்."

அதற்கென்ன என்றேன். அவள் ஏன் அத்தனை அவசரப்பட்டாள் என்று எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்டது. பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்த்தது. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் வளர்ந்தால் பிள்ளைக்கும் பேச்சு வராமல் போய்விடும் என்று வாடிப்பட்டியில் இருந்த மாமியார் வீட்டில் பயந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வரை குழந்தை வாடிப்பட்டியில் பெரியப்பா வீட்டில் வளரட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போக வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புருஷனின் அண்ணன் பட்டறைக்குப் போன் செய்ய, அங்கே யாரோ ஜாடையில் கேட்டு, "சரிங்கறார்" என்று பதில் சொல்லிவிட்டார்களாம். அவள் அதை நம்பவில்லை. போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேருக்குமே எழுத்து கொஞ்சம்தான் வரும், அவருக்கு அங்கே யாராவதுதான் எழுதித் தர வேண்டும். அவருடைய கை சொல்வதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

புதன்கிழமை சாயங்காலம் சூரத்தில் என் புரோகிராமை ஏற்றி வைத்திருந்த ஒரு பிரவுசிங் கடையில் அவரை அவருடைய கூட்டாளி ஒருவர் கூட்டிவந்து உட்கார வைத்தார். இணைப்பு கிடைத்தது. அவர் முகம் வந்தது. மீசை, சட்டைப் பையில் பேனா, எல்லாம் பளிச். சத்தமும் கணீரென்று வந்தது. அந்தக் கடையில் யாரோ குஜராத்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பேச்சுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி, பாதி புரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் டீ கேட்பது பழங்காநத்தத்தில் கேட்கிறதே என்று பூரித்துப்போய்விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்கும் பாக்கியம் இந்தப் பக்கம் நான் ஒருத்திக்குத்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவள் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. புருஷனைப் பார்த்த ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்.

மறுநாள் போனால் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னண்ணே என்றேன்.

"நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டுப் போயிட்ட. அந்தப் புள்ள ராத்திரி பூராம் அழுதிருக்கு. அது ஆனந்தக் கண்ணீரு இல்லத்தா. அவரு என்ன சொன்னாருன்னு அதுக்கு ஒண்ணுமே வெளங்கல."

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அப்போதுதான் சொன்னார். வெட்கப்பட வேண்டிய எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தெளிவாகக் காட்டியும் விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? விறுவிறுவென்று தையல் கடைக்குள் போனேன். படம் எவ்வளவு நன்றாக இருந்தது, அதற்கு நான் எத்தனை மாதம் பாடுபட்டேன் என்று பொரிந்து தள்ளினேன். காது கேட்காத ஒருத்தியிடம் கத்திக் கத்தி வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் மிஷினை நிறுத்தினாள். அளவு எழுதும் நோட்டை எடுத்து, "முகம் வேண்டாம். கை ஓட வேண்டும்" என்று எழுதிக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. கை தெரிந்ததே, விரல் நகம்கூடத் தெரிந்ததே என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் எழுந்து வந்தாள். பேசு, பேசு என்று ஜாடை காட்டினாள். நான் பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். எடுத்தாள். ஒரு சொல் வெளியே வந்திருக்கும், மறுபடி பொத்தினாள். எடுத்தாள், பொத்தினாள். நான் சொன்னதில் நாலில் ஒரு சொல்தான் வெளியே வந்தது. அதுவும் வெட்டுப்பட்டு, தலையில்லாமல் வாலில்லாமல்.

வாசலில் நின்ற அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்ப நீ என்ன சொன்னன்னு எனக்கு வெளங்கலத்தா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்குக் கைதான் வாய். கை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற அந்த ஓட்டத்தில்தான் பேச்சே இருக்கிறது. நொடிக்கு இரண்டு படம் காட்டினால் கை இங்கே நிற்கும், பிறகு அங்கே நிற்கும். நடுவில் சொன்னதெல்லாம் போய்விடும். மச்சம் தெரிகிறது என்று மார்தட்டிக்கொண்டு நான் அவள் புருஷனின் வாயைப் பொத்திப் பொத்தி எடுத்திருக்கிறேன். கூனிக் குறுகிப்போனேன்.

அன்று வியாழக்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம் போய்ச் சத்தத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். "சத்தமே இல்லாத புரோகிராமை எவன்ம்மா வாங்குவான்?" என்றார். யாரும் வாங்க வேண்டாம் சார், ஒருத்தி பார்த்தால் போதும் என்று காரணத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துவிட்டு, சனிக்கிழமை வரைக்கும் பார் என்றார். அந்த மனிதருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

சத்தத்தை எடுத்தேன். படம் நின்றுவிட்டது. ஒரு இம்மிகூட நகரவில்லை. நான்தான் படத்தைச் சத்தத்தின் வாலில் கட்டி வைத்திருந்தேனே, வால் போனால் அது எங்கே போகும்? என்ன செய்வதென்று தெரியாமல் பழைய காகிதக் கட்டைப் புரட்டினேன். நான் சிரித்துவிட்டுத் தாண்டிப் போன அந்தப் பக்கம் வந்தது. ஒன்று மட்டும் போதும் என்பவர்களுக்காகத்தான் இரண்டும் தனித்தனி. யாரோ முகம் தெரியாதவர்கள், என்றோ உட்கார்ந்து, இப்படியும் ஒருத்தி வருவாள் என்று யோசித்து இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அதே ஊர்க்காரியான எனக்கு அந்த யோசனை வரவில்லை.

இரண்டையும் கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். படத்தைச் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்குச் சுருக்கினேன். வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினேன். துண்டுகள் எல்லாம் வந்து சேரட்டும் என்று ஒரு நொடி காத்திருக்க வைத்திருந்தேன், அதையும் எடுத்தேன். வந்ததைக் காட்டு, வராததை விட்டுவிடு. படம் அங்கங்கே கசங்கினாலும் கை நிற்கக் கூடாது. புதிய புரோகிராமை ஈமெயிலில் சூரத்துக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அங்கே அந்தக் கூட்டாளியையும் இங்கே அவளையும் உட்கார வைத்துச் சோதித்தோம். ஓடியது, ஆனால் ஒரேயடியாகக் கசங்கியது. இந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் பேன் காற்றில் காலண்டர் படபடத்தது, அவள் கட்டியிருந்தது பொடிப் புள்ளி போட்ட சேலை. அசைகிற ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக அனுப்பியே இணைப்பு மூச்சுத் திணறியது. எனக்கு அது புரியவே நேரமாயிற்று. அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், எழுந்து போனாள், தன் கடையிலிருந்து கருநீல லைனிங் துணியை நாலு மீட்டர் வெட்டிக்கொண்டு வந்து பின்னால் ஆணி அடித்து மாட்டினாள். இன்னொரு துண்டைச் சேலைக்கு மேலே போர்த்திக்கொண்டாள். இங்கிருந்து போகும் படம் தெளிந்தது. அங்கேயும் ஒரு போர்வையைக் கட்டச் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாடிப்பட்டி பஸ்ஸிலிருந்து மாமியாரும் மூத்த மகனும் வந்து இறங்கினார்கள். குழந்தையின் துணிமணிக்கென்று ஒரு காலிப் பை கையில். அண்ணன் அவர்களை வாசலிலேயே மறித்து, "அஞ்சு நிமிசம் உள்ள வாங்கத்தா, ஒங்க மகனப் பாத்துட்டுப் போகலாம்" என்று கூட்டிவந்தார்.

இணைப்பு கிடைத்தது. சீட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மீசை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அவர் கையைத் தூக்கினார், கை ஓடியது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் குரலை அன்றுதான் கேட்டேன். அவள் கைகளும் ஓட ஆரம்பித்தன. மடியில் குழந்தை, அதற்கு மேலே கை பறக்கிறது. கடையில் பேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சரி என்று சொல்லியிருந்தால் இத்தனையும் செய்து அவள் கண் முன்னாலேயே நான் அதைக் காட்டியவளாவேன்.

மாமியார் மெதுவாக முன்னால் வந்து குனிந்தார்.

"எம் மகன் கை" என்றார்.

வளர்த்தவருக்கு மகனின் ஜாடை தெரியாதா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிய மகன் பக்கம் திரும்பினார்.

"புள்ள அவ ஆத்தாகிட்டத்தேன் இருக்கணுமாம். எங்கிட்ட யாரு கேட்டான்னு கேக்குறான்டா."

"போன்ல சரின்னாங்களேம்மா."

"அவன் எதுக்குத்தேன் தலையாட்டல? எவனோ கேட்டிருப்பான், இவன் என்னன்னே தெரியாம ஆட்டியிருப்பான்."

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்த முறை எதற்காக அழுகிறாள் என்று நான் தப்பாக நினைக்கவில்லை. மாமியார் அவளை நகரச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று திரையைப் பார்த்துக் கேட்டார். சீட்டு அளவுப் படத்தில் மகன் வயிற்றைத் தடவிக் காட்டினான். அந்த அம்மா ஓவென்று அழுதுவிட்டார். மகன் ஊரைவிட்டுப் போய் ஒரு வருடமாகியிருந்தது. போன் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, அவர்களுக்கு மட்டும் அது உதவாத சாமான். அந்த ஒரு வருடத்தில் மகனிடம் நேராகச் சாப்பிட்டாயா என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய கவலை திரும்பியது. "எல்லாஞ் சரித்தேன். புள்ளைக்குப் பேச்சு வரணும்ல" என்றார். அண்ணன் அதை அவளுக்கு ஜாடையில் சொன்னார். அவள் யோசிக்கக்கூட இல்லை. என்னைக் கை காட்டினாள். விரல்களை அலகு மாதிரி வைத்துப் படபடவென்று திறந்து மூடிக் காட்டினாள். பிறகு நோட்டில் எழுதினாள்: "இவள் நிறைய பேசுவாள். தினமும் வரட்டும்."

மொத்தக் கடையும் சிரித்தது. நானும் சிரித்தேன். காலிப் பை காலியாகவே வாடிப்பட்டிக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் முதல் ஆபீஸ் முடிந்ததும் தையல் கடைக்குப் போனேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வேன். முதலாளி திட்டியது, பஸ்ஸில் சண்டை போட்டது, கத்தரிக்காய் விலை, ஒன்றையும் விட மாட்டேன். என்னால் முடியாத நாளில் அண்ணன் பேசுவார், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் பேசுவார்கள். மூன்று நான்கு மாதம் கழித்துக் குழந்தை முதல் வார்த்தை சொன்னது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "கேக்குதா?" என்றது. பக்கத்துக் கடையில் மைக்கைச் சோதிக்கும்போது நாளுக்கு நூறு தடவை நான் கத்துகிற வார்த்தை. குழந்தை என்ன சொன்னது என்று அவள் ஜாடையில் கேட்டாள். எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தவள், அந்தக் காகிதத்தைக் கிழித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

எங்கள் புரோகிராம் விற்கவில்லை. கம்பெனியும் இரண்டு வருடத்தில் மூடிவிட்டது. நான் இன்றும் படத்தையும் சத்தத்தையும் வலையில் அனுப்புகிற வேலையில்தான் இருக்கிறேன், அந்தக் காகிதக் கட்டு என் அலமாரியில் இருக்கிறது. அந்தக் குழந்தை படித்து முடித்துவிட்டாள். போனில் என்னைப் பேச விடமாட்டாள், அவ்வளவு பேச்சு. அம்மாவிடம் அதே வேகத்தில் கையால் பேசுவாள். என் பிழைப்புக்கு வேண்டிய பாடத்தை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை, ஒரு சொல்கூடப் பேச முடியாத ஒருத்திதான் சொல்லித் தந்தாள். இன்னொருவருக்கு எது வேண்டும் என்று அவரைக் கேட்காமலே நான் முடிவு செய்யப் போகும்போதெல்லாம், தையல் சாக்கட்டி வாசனையோடு ஒரு உள்ளங்கை வந்து என் வாயைப் பொத்துகிறது. நல்லவேளை, பொத்தினாயே தாயே என்று நினைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் கையைப் பார்க்க ஆரம்பிக்கிறேன்.